கடற்கரைச் சாலையில் நடப்போருக்கு: கடற்குளம் பற்றி ஒரு திறந்த மடல்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடியலிலும் அந்தியிலும் நடக்கும் அன்பர்களுக்கு,

கடற்குளம் என்பது கடலின் விளிம்பிலேயே, அலை வந்து மோதும் இடத்திலேயே அமைக்கப்படும் நீச்சல் குளம். கரையோரப் பாறையைக் குடைந்தோ, கல்லும் சிமென்ட்டும் கொண்டு சுவர் எழுப்பியோ அதைக் கட்டுகிறார்கள். கடலைப் பார்த்த சுவர் தாழ்வாக இருக்கும். ஓதம் ஏறும்போது அலைகள் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வழியும். ஓதம் வற்றும்போது மதகைத் திறந்தால் பழைய நீர் கடலுக்கே திரும்பிவிடும். நாளுக்கு இரண்டு முறை கடலே நீரைப் புதுப்பிப்பதால் பெரும்பாலான கடற்குளங்களில் குளோரினுக்கு வேலையில்லை. உள்ளே இருப்பது அசல் கடல்நீர். அதே உப்பு, அதே நிறம், அதே வாசனை. ஆளைப் புரட்டும் அலையும் உள்ளே இழுக்கும் நீரோட்டமும் மட்டும் அங்கே இல்லை.

அந்த இரண்டும்தான் புதுச்சேரி நகரத்தாரைக் கடலிலிருந்து தள்ளி நிறுத்தியிருக்கின்றன. தலைமைச் செயலகத்திலிருந்து துய்ப்ளேக்ஸ் சிலை வரை, வண்டிகள் ஓடாத காலை வேளைகளில், நகரத்தில் பாதிப் பேர் நடக்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கூட்டம். கடல் அவர்களுக்குக் கண்ணால் காணவும் காதால் கேட்கவும் கிடைக்கிறது. உடம்புக்குக் கிடைப்பதில்லை. குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகிவிடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர்கள் அறுபது வயது வரை கடலோரம் நடந்தும் கணுக்காலுக்கு மேல் கடல்நீர் படாமலே இருக்கிறார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகின்றன. கடலாடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. நாள்தோறும் கடலாடுவதற்கு ஓர் இடம் இல்லை என்பதே குறை.

உலகில் கடற்குளங்கள் மிக நெருக்கமாக இருப்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில். அங்கே ஏறத்தாழ நூறு குளங்கள் உண்டு. நியூகாசில் நகரின் ‘போகி ஹோல்’ என்ற பள்ளத்தை, 1819-இல் அங்கிருந்த தண்டனைக் குடியிருப்பின் தளபதி ஜேம்ஸ் மோரிசெட் குளிப்பதற்காகக் கைதிகள் பாறையில் வெட்டினார்கள். பின்னாளில் அது ஊர்ப்பொதுவாயிற்று. சிட்னியின் பிரான்ட்டி குளம் 1887-இலும், கூஜியின் வைலி குளம் 1907-இலும் திறக்கப்பட்டன. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையிழந்தோருக்கு நிவாரணப் பணியாகப் பல குளங்கள் கட்டப்பட்டன. ஒரு நெருக்கடிக் காலத்துக் கூலிவேலை மூன்று தலைமுறைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கிறது. பொதுப்பணத்தை அதைவிட நன்றாகச் செலவிட்ட இடங்கள் அதிகம் இருக்க முடியாது.

புதுச்சேரிக்கு இன்னும் நெருங்கிய உறவுடைய குளம் பிரான்சில், சேன்-மலோ நகரில் இருக்கிறது. 1746-இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனே பிறந்த ஊர் அது; அவர் பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதியே உண்டு. சேன்-மலோவின் ஓதம் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஓதம் வற்றினால் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும், நீந்த நீரே இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க 1937-இல் போன்-செக்கூர் கடற்கரையில் மணலின் மேல் சிமென்ட் சுவர் எழுப்பி ஒரு குளம் கட்டினார்கள். கடல் போனபிறகும் குளத்தில் நீர் நிற்கும். கடல் திரும்பும்போது குளம் முழுவதும் மூழ்கி, குதிமேடை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும். போர்ச்சுகலின் லேசா த பால்மேய்ராவில் கட்டடக்கலைஞர் ஆல்வரோ சிசா 1960களில் அமைத்த குளம் வேறொரு வழியைக் காட்டுகிறது. இயற்கைப் பாறைகளை அப்படியே விட்டுவிட்டு, இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் சுவர் சேர்த்தார். குளம் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குச் சட்டென்று புரியாது.

ரீயூனியன் தீவின் கதை புதுச்சேரிக்காரர்கள் தனியே அறிய வேண்டியது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் ஏராளமானோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீமிதிக்கிறார்கள். 2011 முதல் அத்தீவில் சுறா தாக்கிச் சாவுகள் நேர்ந்தன. 2013 ஜூலையில் அரசு, பவளத்திட்டுக்குள் அடங்கிய பகுதிகளிலும் காவல் உள்ள இடங்களிலும் தவிர வேறெங்கும் கடலில் இறங்கத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் அச்சமின்றி நீந்த முடிந்த இடங்களுள் மனப்பானி, கிராந்த் ஆன்ஸ் ஆகிய ஊர்களின் கடற்குளங்களும் அடங்கும். எரிமலைக் கற்களை அடுக்கி அலையை மறித்த எளிய குளங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக, சோற்றுப் பானையோடு வந்து, குழந்தைகளை அந்தக் கல்வளையத்துக்குள் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்க் கரைகளிலும் இதற்குச் சொந்தங்கள் உண்டு. ராமநாதபுரத்தை அடுத்த தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிச் சுவரும் நடைபாதையும் இருக்கின்றன. பக்தர்கள் அந்த ஆழமில்லாத கடல்நீரில் இறங்கி ஒன்பது கற்களையும் சுற்றி வருகிறார்கள். கன்னியாகுமரியில் சங்கமத்துப் பாறைகள் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு ஒரு சிறு குளியல்துறையை விட்டுவைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றுக் கேணி. சுவருக்கு இந்தப் பக்கம் ஊற்றுநீர், அந்தப் பக்கம் உப்புநீர். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மறைவாக ஒன்று என இரண்டு கேணிகள். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த அந்த இடம் மீண்டும் திறந்தபோது மக்கள் முதலில் செய்தது கேணியில் இறங்கியதுதான் என்றால் வியப்பதற்கில்லை. இவற்றில் எதுவும் நீச்சலுக்கென்று கட்டியது அல்ல. ஆனால் கடலின் பக்கத்தில் அடங்கிய நீர் வேண்டும் என்ற ஆசை இங்கே நெடுங்காலமாகவே இருந்து வந்திருக்கிறது.

இனி, அந்த நீரில் கிடைக்கும் இன்பம்.

கடற்குளத்தில் இறங்கும் படிகளில் கடைசி இரண்டு எப்போதும் பாசி பிடித்திருக்கும். அதனால் பல குளங்களில் பக்கச் சுவரில் ஒரு சங்கிலியோ இரும்புக் கைப்பிடியோ பதித்திருப்பார்கள். அதைப் பிடித்தபடி காலால் துழாவி இறங்குவதில்தான் நீச்சல் தொடங்குகிறது. சுவரின் கல்லிடுக்குகளில் கொட்டலசு ஒட்டியிருக்கும், கவனமில்லாமல் உரசினால் தோல் கீறும். நீரின் விளிம்பில் பாறை நண்டு ஒன்று ஆளைக் கண்டு பக்கவாட்டில் நகர்ந்து மறையும். முகத்தை நீருக்குள் வைத்தால் மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புவது தெரியும். முந்தைய ஓதத்தில் சுவர் தாண்டி வந்தவை, அடுத்த ஓதத்தில் போய்விடும். அடியில் மணல் வரிவரியாகப் படிந்திருக்கும். மேலே ஓர் அலை சுவரைக் கடந்து விழும்போது வெள்ளை நுரை குளத்தின் குறுக்கே ஓடிவரும். அதற்கு அடியில் நீந்துபவருக்கு நுரை பொரிந்து அடங்கும் ஓசை காதுக்குள் கேட்கும், தரையில் அதன் நிழல் நகர்ந்து போவதும் தெரியும். ஓட்டல் நீச்சல் குளத்தில் எவ்வளவு கட்டணம் கட்டினாலும் இது கிடைக்காது.

உப்புநீர் உடம்பைத் தாங்கும் விதமே வேறு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அதிகம். 65 லிட்டர் கன அளவுள்ள ஓர் உடம்புக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று மேலான கூடுதல் உந்துதல். கணக்கில் சிறிது, நீரில் அது பெரிய வித்தியாசம். கால்கள் தாமே மேலே வருகின்றன, இடுப்பு தாழ்வதில்லை, மூச்சுக்காகத் தலையைத் தூக்கத் தவிக்க வேண்டியதில்லை. நீச்சல் பழகும்போது பெரியவர்களை முடக்கும் அச்சம் மூழ்கிவிடுவோமோ என்பதுதான். அந்த அச்சத்தில் பாதியைக் கடல்நீரே எடுத்துவிடுகிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. மார்பளவு நீரில் கால்கள் சுமப்பது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு; கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. காந்தி சிலையிலிருந்து பழைய சுங்கக் கட்டடம் வரை நடந்து திண்ணையில் உட்கார்ந்துவிடும் பெரியவர், நீருக்குள் அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடியும். இருதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீரின் அழுத்தத்தால் கால்களிலிருந்து மார்புக்குத் திரும்பும் இரத்தம் கூடும், இருதயத்தின் வேலையும் கூடும்.

குளிரைப் பொறுத்தவரை புதுச்சேரி கொடுத்துவைத்த ஊர். சிட்னியில் 1929-இல் தொடங்கிய பாண்டாய் ஐஸ்பெர்க்ஸ் சங்கம் குளிர்காலத்திலும் நீந்துவதற்கென்றே அமைந்தது. அதில் உறுப்பினராக நீடிக்க, ஐந்து ஆண்டுகளுக்குக் குளிர்கால ஞாயிறுகளில் நான்கில் மூன்று நாள் நீந்தியாக வேண்டும். அங்கே நீர் 16, 17 டிகிரிக்கு இறங்கும். புதுச்சேரிக் கடலோ தையில்கூட 26 டிகிரிக்கு அருகே நிற்கிறது, கோடையில் 30ஐத் தொடுகிறது. இறங்கியதும் உடம்பு சிலிர்க்கும், ஒரு நிமிடத்தில் பழகிவிடும். தோலின் வெப்பத்தைவிட நீர் சற்றுக் குளிர்ந்தே இருப்பதால் சித்திரை மாத விடியலிலும் புத்துணர்ச்சிக்குக் குறைவில்லை.

நாள்தோறும் ஒரே இடத்தில் நீந்துபவருக்குக் கடல் மெல்ல மெல்லத் தன் நாட்காட்டியைக் காட்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிறகு சுவரைத் தாண்டும் நீர் கூடுவதும், அட்டமி நவமியில் அடங்கிக் கிடப்பதும் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரிந்துவிடும். மாசி, பங்குனி விடியல்களில் கரைக்காற்று கடலை வாரிவிட்டாற்போல் மட்டமாக்கியிருக்கும். ஆடிப் பகல்களில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலை குளத்தின் ஒரு மூலையில் மட்டும் நுரை சேர்க்கும். ஐப்பசியில் வாடை பிறந்ததும் நிறம் மாறும். அதற்குப் பின் வரும் வாரங்களில் கடல்நீர் நாக்குக்குச் சற்று உப்புக் குறைந்து தெரியும். கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் மழைக்காலத்தில் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே கொண்டுவருகிறது. கடலில் இறங்கி நீந்துபவர்களே இதை உணர்வார்கள். சாலையில் நடப்பவருக்கு இந்தச் செய்தி எட்டாது.

இன்னோர் இன்பம் தோழமை. நடையில் துணையோடு பேசிக்கொண்டே போகலாம். நீச்சலில் பேச முடியாது. ஆனால் ஒரே நேரத்தில், ஒரே படியில் இறங்கி, ஒரே சுவரில் கைவைத்து மூச்சு வாங்குபவர்களுக்குள் ஓர் உறவு தானே வளரும். துண்டை யார் எந்தக் கொக்கியில் மாட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் வராதவரைப் பற்றி மூன்றாம் நாள் விசாரிப்பார்கள். நீச்சலுடையில் நிற்கும்போது அதிகாரியும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வெள்ளை நகரம், தமிழர் நகரம் என்று வாய்க்கால் ஒன்றால் பிரித்துக் கட்டிய ஊருக்கு இது சிறிய செய்தி அல்ல.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் பெண்கள் கடலில் இறங்குவது பெரும்பாலும் புடவையோடோ சுடிதாரோடோதான். நனைந்த துணி காலைச் சுற்றும், எடை கூடும், அலை வந்தால் அதுவே ஆபத்து. கூடவே வேடிக்கை பார்ப்பவர்கள். கூஜியில் மக்கைவர் குளம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே உரியது. 1922 முதல் அதைப் பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்றே நடத்தி வருகிறது. நூறு ஆண்டுகளாக அங்கே பாட்டிகளும் பேத்திகளும், முக்காடிட்ட பெண்களும் இடாத பெண்களும் ஒருசேர நீந்துகிறார்கள். கீரிமலையின் பெண்கள் கேணியும் அதே தேவையை உணர்ந்து கட்டியதுதான். புதுச்சேரியில் ஒரு கடற்குளம் அமைந்தால், அதில் பெண்களுக்கென்று நேரமும் மறைப்பும் உடைமாற்றும் அறையும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

புதுச்சேரியின் கரை எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. சோழமண்டலக் கரை மணற்கரை. சிட்னியைப் போலக் குளம் வெட்டப் பாறைத்தளம் இங்கே இல்லை. கரையோடு ஒட்டி நகரும் மணல், தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கேயும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கேயும் போகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கற்சுவர்களை நீட்டியபோது இந்த ஓட்டம் தடைப்பட்டது. வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துத் தடுப்புச் சுவரைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்தையும் அதற்கு அப்பாலுள்ள மீனவ ஊர்களையும் தின்றது. இன்று அறுபதைத் தாண்டியவர்களுக்கு, இதே சாலையின் முன்னால் மணலில் உட்கார்ந்து கடலை கொறித்த நினைவு இருக்கும்.

2018-இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை அமிழ்த்தி வைத்தது. அலையின் வேகம் அங்கே குறைந்து, சாலையின் வடமுனையில் மணல் மீண்டும் சேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கால் பதிக்க மணல் கிடைத்ததும் மக்கள் கடலிலும் இறங்கத் தொடங்கினார்கள். ஆனால் மணல் வந்துவிட்டால் கடல் அடங்கிவிட்டதாகாது. இந்தக் கரையில் கடலடி சட்டென்று சரிகிறது, அலை கரைக்கு மிக அருகில் உடைகிறது. உடைந்த நீர் ஒரு குறுகிய வழியாகத் திரும்பும்போது அந்த இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தியே களைத்துப்போகிறார். இழுப்பு குறுகலானது; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியேறிவிடலாம். இதை அறியாமலே ஆண்டுதோறும் இளைஞர்கள் உயிரிழக்கிறார்கள். கடலில் இறங்காதீர்கள் என்ற பலகை அவர்களைத் தடுக்கவில்லை. இறங்க ஓர் இடம் இருந்தால் பலர் அங்கே போயிருப்பார்கள்.

ஆகவே புதுச்சேரிக்கு ஏற்ற கடற்குளம், கடலுக்குள் நீளும் புதுச் சுவராக இருக்கக் கூடாது. அப்படி ஒன்று கட்டினால் மணலோட்டத்தை மறுபடி மறித்து வடக்கே உள்ள குப்பங்களின் வீடுகளுக்கு இன்னொரு கேடு செய்ததாகும். மீனவர்கள் படகு ஏற்றும், வலை காயவைக்கும் இடத்தில் ஓர் அடியும் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே கொட்டியிருக்கும் கற்களின் பரப்புக்குள்ளேயே, கரையோடு நீளவாக்கில், ஒடுக்கமான குளம் அமைப்பதே தகும். நீளம் 25 மீட்டர் இருந்தால் நாள்தோறும் நீந்துபவருக்குப் போதுமானது. தெற்கிலிருந்து வடக்கே நீந்தும்போது வலப்பக்கம் மூச்சு வாங்கினால் சூரியன் எழுவதும், இடப்பக்கம் வாங்கினால் பழைய கலங்கரை விளக்கமும் தெரியும். 1836-இல் விளக்கேற்றிய அந்தக் கோபுரத்துக்கு அதைவிட நல்ல பார்வையாளர்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஓதம் இங்கே ஒரு சிக்கல். புதுச்சேரியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே அலை வழிந்து நிரம்புவதை மட்டும் நம்பிக் குளம் கட்டினால், கடல் அடங்கிய பங்குனி மாதத்தில் நீர் தேங்கிப் பாசி பிடித்துவிடும். வடிகட்டி பொருத்திய குழாய் வழியே கடல்நீரை ஏற்றும் பம்பு ஒன்று துணைக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் சில குளங்களில் அது உண்டு. அலை கொண்டுவரும் மணலை அவ்வப்போது வார வேண்டும். கற்களின் அடிவாரத்தை அலை எவ்வளவு தோண்டுகிறது, அஸ்திவாரம் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை போன்றவர்கள் அளந்து சொல்ல வேண்டும். அளந்தபின் அது நடவாது என்று தெரிந்தால், சாலைக்கு உட்புறமாகக் கடல்நீரைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பும் குளம் ஒன்று இரண்டாம் வழி. அதில் அலை வழியாது, மடவைக் குஞ்சு வராது. ஆனால் உப்புநீரின் தாங்கலும் விடியல் வானமும் கிடைக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி எந்த வழிக்கும் முன் அனுமதி வாங்கியாக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது நீரின் தூய்மை. பெரிய வாய்க்காலும் உப்பாறு வாய்க்காலும் நகரத்தின் கழிவைச் சுமந்து கடைசியில் சேரும் இடம் இந்தக் கடல்தான். மழைக்குப் பிறகு கரையோரம் நீர் எப்படி நாறும் என்பது நடப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் சாலையை ஒட்டிய கடல் சிவந்து தோன்றியதையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். குளிப்பதற்கும் நீர் விளையாட்டுக்கும் உரிய கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வரம்பின்படி, 100 மில்லி லிட்டரில் மலக்கழிவு சார்ந்த கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 100-க்கு மேல் இருக்கக் கூடாது. நீலக்கொடிச் சான்று பெறும் கடற்கரைகளுக்கு அதே அளவு நீரில் ஈ.கோலி 250-க்குள்ளும், குடல்வாழ் என்டரோகாக்கஸ் 100-க்குள்ளும் இருக்க வேண்டும். சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரை 2021-இல் நீலக்கொடி பெற்றது. நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே தாண்டிய தேர்வை நகரத்தின் முன்னாலும் தாண்ட முடியும். அதற்கு வாய்க்கால்களில் கழிவு கலப்பதை நிறுத்த வேண்டும். கடற்குளம் கேட்பவர்கள் உண்மையில் முதலில் கேட்பது நல்ல வடிகாலைத்தான். குளத்தில் இறங்காதவர்களுக்கும் அதனால் நன்மை.

கட்டிய குளத்தைக் காப்பது கட்டுவதைவிடக் கடினம். பாண்டாயில் வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை, குளத்தை மூடி நீரை வடித்துப் பாசியைச் சுரண்டுகிறார்கள். இங்கிலாந்தின் பியூட் ஊரில் 1930-இல் கட்டிய கடற்குளத்துக்கு உள்ளாட்சி நிதி நின்றுபோனபோது, ஊர்மக்கள் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி 2011 முதல் தாங்களே நடத்துகிறார்கள். காவலுக்கு ஆள் வைப்பதும், பழுது பார்ப்பதும், நன்கொடை திரட்டுவதும் அவர்கள் பொறுப்பு. நீந்தக் கட்டணம் இல்லை. புதுச்சேரியில் உயிர்காப்போராக அமர்த்த மீனவ இளைஞர்களைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை. காற்றும் நீரோட்டமும் திசை மாறும் நேரம் அவர்களுக்குக் கருவி இல்லாமலே தெரியும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை குளத்தை மூடியே வைக்க வேண்டிய நாட்கள் பல வரும். 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில் ஏறியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சித்திரை வைகாசியில், தெற்கே வெகுதொலைவில் பிறந்து காற்றே இல்லாத நாளில் எழும்பும் கள்ளக்கடல் அலைகளுக்கு, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் முன்னறிவிப்புத் தருகிறது; அந்த நாட்களிலும் படிகளுக்குப் பூட்டுப் போட வேண்டும். சொறி மீன் மிதக்கும் நாட்களில் வாசலில் ஒரு பலகை போதும்.

நடப்போர் இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையின் வடமுனை, காந்தி சிலை, துய்ப்ளேக்ஸ் சிலை ஆகிய மூன்று இடங்களிலும் கரையோர நீரை வாரம் ஒரு முறை, ஓராண்டு முழுவதும், மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை அந்தந்த இடத்திலேயே பலகையில் எழுதி வைக்குமாறு புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தையும் நகராட்சியையும் கேட்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் கூடும் இத்தனை பேர் கையெழுத்திட்ட மனுவைத் திரட்ட ஒரு காலைப்பொழுது போதும். ஓராண்டு எண்கள் கைக்கு வந்தால், எந்த மாதங்களில் நீந்தலாம், எந்த வாய்க்காலை முதலில் சீர்செய்ய வேண்டும், குளத்துக்கு நீர் எடுக்கும் குழாயை எங்கே வைக்கலாம் என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும். வரைபடம் போடுபவர்கள் முதலில் கேட்கப்போவதும் அந்த எண்களைத்தான்.

இப்படிக்கு,
கடற்கரைச் சாலையில் நடப்போரில் ஒருவர்
புதுச்சேரி